முந்நூற்றிப் பதினோராம் மரம்

லிஜினுக்காகத்தான் வாயைத் திறந்தோம்.
குலசேகரம் பங்கு மண்டபத்தில்,
கொடியேற்றுக்கு மறுவாரம்.
ஊசி இல்லை, ரத்தம் இல்லை.
பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து
உறையில் போட்டு ஒட்டினார்கள்.
இருநூற்றுப் பதினான்கு பேர்.
ஜீப் ஓட்டுகிற ஷாகுல்,
சி.எஸ்.ஐ. பாடகர் குழு மொத்தமும்,
வெற்றிலை வாயை மூன்றுமுறை கொப்பளித்துவிட்டு
சொசைட்டி எழுத்தர் தாணுமாலயன்.

ஒருவர்கூட ஒத்துவரவில்லை.
கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு ஒக்கும் என்றார்கள்.
அவனுக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா.

இடவப்பாதி தொடங்கி
மரங்களுக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டிய வாரம்
அவனைக் கொண்டுபோனோம்.

கன்னத்தில் தேய்த்தது மட்டும்
எண்களாக மாறி எங்கோ இருந்திருக்கிறது.
யார் யாருக்கோ தேடும்போதெல்லாம்
எனக்கே தெரியாமல்
கைதூக்கி நின்றிருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து
ஷீட் அடித்துக்கொண்டிருக்கையில் போன்.
"பெர்லின் ஷைனியா? இன்னும் சம்மதந்தானே?"
பதினோரு வயது. ஆண் பிள்ளை.
இதற்குமேல் சொல்ல அனுமதி இல்லை.

அம்மை சொன்னாள்:
"நட்டெல்லுல குத்துவாவ பிள்ளே.
பொறவு குனிஞ்சு ஒரு மரம் வெட்டமாட்ட."

அம்மையைச் சமாளித்துவிடலாம்.
புஷ்பலீலாவிடம் எப்படிச் சொல்வது?
லிஜினைப் பெற்றவள்.
அவள் வீட்டு வழியாகப் போகாமல்
நாலு நாள் சுற்றி நடந்தேன்.
அஞ்சாம் நாள் அவளே வந்தாள்,
பால்கத்தியோடு.

"உனக்கு எத்தன மரம்?"
"முந்நூத்தி இருவது."
"ஒத்துச்சாமே."
"ம்."
"நீ போயிட்டு வா. நான் வெட்டுதேன்."
உள்ளே வரவில்லை. காப்பி வேண்டாம் என்றாள்.

தினம் ஒரு ஊசி.
மஜ்ஜையில் கிடக்கும் வித்துகள்
எலும்பைவிட்டு ரத்தத்துக்குள் இறங்கிவர.
காய்ச்சலுக்கு முந்தின குடைச்சல்,
இடுப்பில், நெஞ்செலும்பில்,
எலும்பு இருப்பதே தெரியாத இடங்களில்.

அப்புறம் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம்.
நட்டெல்லை யாரும் தொடவில்லை அம்மை.
ஒரு கையில் எடுத்து, இயந்திரம் சுற்றிப் பிரித்து
மிச்சத்தை மறு கைக்கே திருப்பித் தந்தது.
நாலரை மணி நேரம்.
உதட்டில் எறும்பு ஊர்ந்தது; கால்சியம் கொடுத்தார்கள்.
பையில் சேர்ந்தது தக்காளிச் சாறு நிறத்தில்.
என் கணக்கில்
ஒரு சிரட்டை நிறையாது.

மரத்தைப்போல என்று சொல்ல வாய் வந்தது.
பட்டையில் மட்டும் கீறல், தடியில் படாமல்,
ஆறவிட்டால் புதுப்பட்டை.
ஆனால் மரத்திடம் யாரும்
ஏழு தாளில் கையெழுத்து வாங்குவதில்லை.
கடைசி நிமிடத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்று
அதற்கு எடுத்துச் சொல்வதில்லை.
எனக்குச் சொன்னார்கள்.
அதற்குள் அங்கே அவனுடைய மஜ்ஜையை
மருந்தால் கருக்கி முடித்திருப்பார்கள்,
அதையும் சொன்னார்கள்.

பிடித்துக்கொண்டால்
அவன் ரத்தவகை என்னுடையதாகிவிடுமாம்.
சோதித்தால் பெண் ரத்தம் என்றே காட்டுமாம்.
திரும்பும் பஸ்ஸில் சிரித்துவிட்டேன்,
பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.
பிடிக்காவிட்டால் என்று
நான் கேட்கவில்லை.

விடியுமுன் நெற்றிவிளக்கோடு தோட்டத்தில் ஏறினேன்.
புஷ்பலீலாவின் வெட்டு
என்னுடையதைவிட மெலிசு.
வடிந்த சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.
வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

முந்நூற்றிப் பதினோராம் மரத்தில் மட்டும்
கத்தி தடியைத் தொட்டிருந்தது,
ஒரு விரல் ஆழம்.
அவள் கை தவறாது.
பதினெட்டு வருடக் கை.

அவளிடம் கேட்கவில்லை.
ஈரமண்ணைக் குழைத்து
அந்த இடத்தில் அப்பினேன்.